மூன்று போக நான்கு நொடி

கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, நிலாவில் இருக்கிறவர்களின் பிரிண்டரைச் சரிசெய்து கொடுப்பது சென்னியப்பனின் உத்தியோகம். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். பெண் கொடுத்த மாமனார்கூட ஒரு காலத்தில் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். ஆனால் பிரிண்டர் பிரிண்டர்தான். அது நிலாவில் இருந்தாலும் நீலாம்பூரில் இருந்தாலும் அவசரத்துக்கு உதவாது. மனிதன் எத்தனையோ கண்டுபிடித்துவிட்டான், அந்த ஒரு குணத்தை மட்டும் அவனால் மாற்ற முடியவில்லை.

பதினோரு வருஷத்தில் சென்னியப்பன் முடிக்காமல் விட்ட புகார் ஒன்றுகூடக் கிடையாது. உதவி மையத்தில் ஒவ்வொரு புகாருக்கும் ஒரு டிக்கெட் உண்டு. வேலை முடிந்தால் டிக்கெட்டை மூட வேண்டும். மூடாத டிக்கெட்டுடன் வீட்டுக்குப் போனால் அவனுக்குச் சோறு இறங்காது. சோறு போட வீட்டில் ஆள் இல்லாத இந்த இரண்டு வருஷமாகவும் அந்தப் பழக்கத்தை அவன் விடவில்லை.

தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், மாலை நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு அவன் திரையில் ஒரு டிக்கெட் வந்து விழுந்தது.

'இடம்: நிலா, நான்காம் முகாம். புகார்: ரிமோட்டில் இருக்கும்போது உள்ளூர் பிரிண்டர் தெரியவில்லை. மாலை ஐந்து மணிக்குள் ஒரு படிவம் அச்சாக வேண்டும். மிக அவசரம். பெயர்: செ. நவமணி.'

பெயருக்கு முன்னால் நின்ற அந்த 'செ' அவன்தான்.

அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். அடுத்த மேசையில் தில்ஷாத் இருந்தாள். அழைப்புகளை ஒட்டுக்கேட்டுத் தரம் பார்ப்பது அவள் வேலை. அதற்குச் சம்பளமும் உண்டு.

"தில்ஷாத், இந்த டிக்கெட்ட வேற யாருக்காச்சும் தள்ளிவிட முடியுமா?"

"தள்ளலாம். வரிசையில கடைசிக்குப் போயிரும். ஆறரை ஆயிரும்ணா." அவள் எட்டித் திரையைப் பார்த்தாள். "அட, அண்ணி! மாசத்துக்கு ஒருதடவ பத்து நிமிஷம்தான் பேச விடறாங்கன்னு பொலம்புவீங்கல்ல? ஓசியில ஒரு சான்ஸு வந்திருக்கு. பேசுங்க."

"என்ன படிவம்னு தெரியுமா உனக்கு?"

"என்ன?"

"அங்கயே இருக்கறதுக்கு," என்றான் சென்னியப்பன். "ரெண்டு வருஷம் முடியுது. பங்குனியில விண்கலம் வருது. ஏறி வர்றவங்க சும்மா ஏறிக்கலாம். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கறேன்னு சொல்றவங்கதான் படிவத்துல கையெழுத்துப் போடோணும். இன்னிக்குத்தான் கடைசி நாள். அவ போறப்ப நானே ஒப்பந்தத்தப் படிச்சிருக்கறேன்."

தில்ஷாத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். திரையில் போடும் கையெழுத்தை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம், பேசும் முகத்தைக்கூட இயந்திரம் செய்து கொடுத்துவிடும் என்ற காலம் வந்தபிறகு, உலகம் மறுபடியும் காகிதத்தின் காலில் விழுந்தது. ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கேயே தாள் அச்சாக வேண்டும். அதில் மையால் கையெழுத்து, பக்கத்தில் பெருவிரல் ரேகை. அந்தத் தாளைச் 'சாட்சிக் கண்' என்கிற கேமராவின் முன்னால் காட்டினால்தான் செல்லும். அப்புறம் இன்னொன்று. இவர்களை நிலாவுக்கு அனுப்பிய கனிமக் கழகத்தின் கோப்பு எதுவும் பூமியை விட்டு வெளியே போகக்கூடாது என்பது சட்டம். அதனால் நிலாவில் இருக்கிறவர்களும் கோயமுத்தூர் அலுவலகத்துக் கணினியில்தான் ரிமோட்டில் நுழைந்து வேலை பார்ப்பார்கள். கணினி இங்கே, ஆள் அங்கே. படிவம் இங்கே, பேனா அங்கே. நடுவில் அந்தப் பாழாய்ப்போன பிரிண்டர்.

சென்னியப்பனுக்கு நவமணியின் மேல் கோபம் என்று சொல்ல முடியாது. கோபமாக இருந்திருந்தால் தீர்ந்துபோயிருக்கும். அவனை அரித்துக்கொண்டிருந்தது நான்கு நொடி.

நிலாவுக்குப் பேச்சு போய்ப் பதில் திரும்ப மூன்று நொடி ஆகும். ஆள் அனுப்பும்போதே குடும்பத்தாருக்கு இதற்கென்று ஒரு கையேடு கொடுத்தார்கள். 'கேள்வி கேட்டபின் மூன்று நொடி பொறுக்கவும். அந்த மௌனத்துக்குப் பொருள் கற்பிக்க வேண்டாம்' என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருக்கும். கற்பிக்காமல் இருக்க முடிகிறதா? 'என்னை நினைச்சீங்களா' என்று கேட்டால் மூன்று நொடி. 'சண்டை தீர்ந்துச்சா' என்றால் மூன்று நொடி. எத்தனையோ நல்ல குடும்பங்கள் அந்த மூன்று நொடியில் தடுக்கி விழுந்தன. முதல் தொகுதியில் போனவர்களில் பாதிப்பேர் வீட்டில் இன்று பேச்சுவார்த்தை இல்லை.

சென்னியப்பன் கையேட்டைக் கரைத்துக் குடித்தவன். மூன்று நொடியை அவன் பொருட்படுத்தியதே இல்லை. ஆவணி மாதத்துக் குடும்ப அழைப்பில்தான் கேட்டான், "திரும்பி வந்துருவதான?" என்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று வழக்கம்போல எண்ணினான். நான்கு வந்தது. ஐந்து வந்தது. ஏழாவது நொடியில்தான் அவள் குரல் வந்தது. "பாக்கலாங்க."

ஏழில் மூன்று போக நான்கு. அந்த நான்கு நொடி அவளுடையது. கட்டின புருஷன் வா என்று கூப்பிட்டால் யோசிக்க நான்கு நொடி எதற்கு? இந்தக் கணக்கை அவன் குளிக்கும்போது போட்டான், பஸ்ஸில் போட்டான், சாம்பாருக்குப் புளி கரைக்கும்போதும் போட்டான். விடை மாறவில்லை. அடுத்த அழைப்பில் "உன்ற இஷ்டம்" என்று ஒரு வார்த்தை சொன்னான். அதற்கப்புறம் இருவரும் தண்ணீர்த் தொட்டியைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள். நிலாவில் மழை இல்லாததால் பேச்சு சீக்கிரமே முடிந்துவிடும். மார்கழி அழைப்பு சூரியப் புயலில் அடிபட்டுப் போனது. போனால் போகட்டும் என்றுதான் அவனும் இருந்தான்.

நாலு பத்துக்கு அவன் அழைப்பை எடுத்தான்.

"வணக்கம். உதவி மையம், சென்னியப்பன் பேசறேன். உங்களுக்கு எப்படி உதவலாம்?"

ஒன்று. இரண்டு. மூன்று.

"வணக்கங்க சார். நவமணிங்க. நாலாம் முகாம்."

வீட்டில் 'ஏனுங்க' என்று கூப்பிடுகிறவள் 'சார்' என்கிறாள். வேறு வழியில்லை. உதவி மையத்து அழைப்புகள் எல்லாம் பதிவாகும். போதாக்குறைக்கு ஒரு இயந்திரமும் கூடவே உட்கார்ந்து கேட்கும். யாராவது சொந்தக் கதை பேசினால் முதலில் மேசையில் மஞ்சள் விளக்கு எரியும், அடுத்த நொடி இணைப்பு அறுந்துவிடும். அந்த இயந்திரத்துக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் 'மாமியார்'.

"என்ன பிரச்சினைங்க மேடம்?"

"அச்சடின்னு குடுத்தா அடிச்சாச்சுன்னு சொல்லுதுங்க. ஆனா இங்க தாள் வர்றதில்ல. மூணு தடவ அழுத்தீட்டேன். பட்டியல்ல பாத்தா எங்க முகாம் பிரிண்டர் பேரே இல்லீங்க."

"பிரிண்டர் ஆன்ல இருக்குதுங்களா?"

இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்த டெக்னீசியனும் அடுத்த படிக்குப் போகக்கூடாது. மூன்று நொடி கழித்து, "நான் இன்ஜினீயருங்க சார்," என்று பதில் வந்தது. தில்ஷாத் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தாள் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. இங்க தாளுக்கு ரேசன். ரெண்டு வருசத்துல இன்னிக்குத்தான் மொதமொதலா பிரிண்டரத் தொடறேன். முகாம்ல எல்லாருக்கும் இதே கதைதானுங்க."

சென்னியப்பன் அவளுடைய இணைப்பைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒலி நிலாவுக்குப் போகிறது, சரி. விசைப்பலகை நிலா, சரி. உள்ளூர் பிரிண்டர் என்ற வரிக்கு வந்தபோது மணி நாலு இருபத்தொன்று. அவன் கை நின்றது.

'உள்ளூர்: கோயமுத்தூர், கணபதி, பாரதி நகர் 14, முன்னறை பிரிண்டர். நிலை: அணைந்துள்ளது. காத்திருக்கும் தாள்கள்: நான்கு.'

அது அவன் வீடு. நிலாவுக்குப் போவதற்கு முன்னால் அவள் பதினைந்து நாள் வீட்டிலிருந்தே ரிமோட்டில் பயிற்சி எடுத்தாள். முன்னறையில் ஜன்னலோரம் மேசை போட்டு, பிரிண்டரைப் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தவன் இவன்தான். புறப்படும்போது அந்த இணைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். உள்ளூர் எது என்று யாரும் மறுபடி கேட்கவில்லை. இரண்டு வருஷமாக இரண்டு லட்சத்துச் சொச்சம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருந்தாலும், கணினியைப் பொறுத்தவரை நவமணியின் உள்ளூர் கணபதிதான்.

வீட்டுப் பிரிண்டரோ சரஸ்வதி பூசை அன்றைக்கு அணைத்து வைத்தது. துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, மேலே ஒரு புதுத் துண்டைப் போர்த்தினான். மறுநாள் எடுத்து ஓட்டியிருக்க வேண்டும். எடுக்கவில்லை. அதைப் பார்த்தால் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்த பதினைந்து நாளும் ஞாபகத்துக்கு வந்தது. மூடியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டான். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். பிரிண்டர் டெக்னீசியன் வீட்டில் மூன்று மாதமாகப் பிரிண்டர் ஓடவில்லை.

ஒரே ஒரு டிக். கணபதிக்கு எதிரே இருப்பதை எடுத்துவிட்டு, நான்காம் முகாமுக்கு எதிரே போட்டால் முடிந்தது. ஒரு நிமிஷ வேலை. போட்டால் படிவம் அங்கே அச்சாகும், அவள் கையெழுத்துப் போடுவாள், இன்னும் இரண்டு வருஷம். போடாவிட்டால் ஐந்து மணி தானாக வந்துவிடும். அவள் பங்குனியில் வீட்டில் இருப்பாள். யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை, பொய்கூடச் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது இவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

"மேடம்," என்றான். தன் குரலா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. "இணைப்புப் பெட்டிய ஒருக்கா அணைச்சுட்டுத் திரும்பப் போடுங்க."

மூன்று நொடி. அதற்கு மேலும் ஒரு நொடி.

"பெட்டியவா? அது திரும்பி வர்றதுக்குப் பதினெட்டு நிமிசம் ஆகுமுங்களே. மணி இப்பவே நாலு இருவத்திரெண்டு."

"வழக்கமான நடைமுறைதானுங்க மேடம்."

இந்தத் தடவை மௌனம் நீண்டது. அவன் எண்ணவில்லை. எண்ணத் தைரியம் இல்லை.

"சரிங்க சார்," என்றாள். இணைப்பு அறுந்தது.

தில்ஷாத் காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"ரீஸ்டார்ட் எதுக்குண்ணா?"

"நடைமுறை."

"எனக்கே காது குத்தாதீங்க. தப்பு எங்கன்னு நாலு இருபத்தொண்ணுக்கே பாத்துட்டீங்க. உங்க திரை எனக்கும் தெரியும்."

சென்னியப்பன் ஜன்னல் பக்கம் பார்த்தான். கீழே அவிநாசி ரோட்டில் வண்டிகள் நகராமல் நின்றன.

"நான் எதையும் தடுக்கலையே," என்றான். "பிரிண்டர் வேல செய்யல. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"அதைச் சரிபண்ணத்தான் உங்களுக்குச் சம்பளம்."

"ரெண்டு வருசம் தில்ஷாத். ஒரு தட்டு, ஒரு டம்ளர். இன்னும் ரெண்டு வருசமின்னா நாலு. திரும்பி வர்றப்ப அவளுக்கு நானும் எனக்கு அவளும் அறிமுகம் பண்ணிக்கோணும். வாயத் தொறந்து கூப்புட்டேன். ஏழு செகண்டு கழிச்சுப் பாக்கலாங்கறா. வேற என்னதான் பண்ணச் சொல்ற?"

தில்ஷாத்துக்கு அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்து மதிப்பெண் போடுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"சரி. ஒண்ணும் பண்ணாதீங்க. அண்ணி வந்து எறங்குவாங்க. நீங்க மாலையோட போய் நிப்பீங்க. நாலு மாசம் நல்லாப் போகும். ஒருநாள் ரசத்த ஊத்திக்கிட்டே கேப்பாங்க, 'அன்னிக்கு அந்தப் பிரிண்டருக்கு என்னங்க ஆச்சு'ன்னு. அப்ப என்ன சொல்லுவீங்க?"

அவன் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினான்.

"வாயில சோத்த வெச்சுக்கிட்டு முழிப்பீங்க. எத்தன செகண்டுன்னு அவங்க எண்ணுவாங்க." தில்ஷாத் குரலைத் தாழ்த்தினாள். "அவங்க புருஷனுக்குப் போன் பண்ணலண்ணா. டெக்னீசியனுக்குப் பண்ணியிருக்காங்க. புருஷன் வேணும்னா கெஞ்சிப் பாக்கட்டும், சண்டை போடட்டும், அது உங்க பாடு. டெக்னீசியன் எதுக்குத் திருட்டுத்தனம் பண்ணணும்?"

அது அவனைச் சுருக்கென்று குத்தியது. திருட்டு என்ற வார்த்தை அல்ல, டெக்னீசியன் என்ற வார்த்தை. பதினோரு வருஷமாக யார் எந்தக் காகிதத்தை அச்சடித்தார்கள் என்று அவன் கேட்டதில்லை. கல்யாணப் பத்திரிகையும் வந்திருக்கும், விவாகரத்து நோட்டீசும் வந்திருக்கும். தாள் கோணாமல் வருகிறதா என்பதுதான் அவன் கவலை. இன்றைக்கு முதல்முறையாக ஒரு தாள் வரக்கூடாது என்று நினைத்துவிட்டான். அதுவும் யாருடைய தாள்! அவளுக்கு என்று ஒரு வாழ்க்கை, ஒரு வேலை, ஒரு விருப்பம் இருக்கிறது. பிடிக்காமல் வந்து அந்த ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவள் அங்கே இருந்தென்ன, நிலாவில் இருந்தென்ன?

பதினெட்டு நிமிஷத்தையும் அவன் கைகட்டி உட்கார்ந்து கழித்தான். இப்போது அவசரப்பட்டும் பயனில்லை. அணைத்த பெட்டி தன் நேரத்தில்தான் எழுந்திருக்கும். நாலு முப்பத்தெட்டுக்கு ஒருவேளை பெட்டி எழுந்திருக்காமலே போய்விட்டால் என்று தோன்றியது. மருதமலை முருகனிடம் வேண்டிக்கொண்டான். என்ன வேண்டுவது என்று தெரியாமல் பொதுவாக வேண்டிக்கொண்டான்.

நாலு நாற்பதுக்கு விளக்கு பச்சையாகி, "வந்துட்டேனுங்க சார்," என்று குரல் கேட்டது. குரலில் ஏதோ ஒரு வறட்சி இருந்தது. அழுதவர்கள் முகம் கழுவிக்கொண்டு வந்து பேசுகிற மாதிரி.

"தப்பு கண்டுபிடிச்சாச்சுங்க மேடம்," என்றான் சென்னியப்பன். மடமடவென்று பேசினான். "உங்க இணைப்புல உள்ளூர்னா எதுன்னு பழசு ஒண்ணு பதிஞ்சு கெடக்குது. நீங்க அழுத்துன மூணு தாளும் கோயமுத்தூர் கணபதில ஒரு வூட்டுக்குப் போயிருக்குது. அமைப்புக்குள்ள போனா பிரிண்டர்னு ஒரு வரி இருக்குமுங்க. கணபதிக்கு முன்னால இருக்கற டிக்க எடுத்துட்டு, நாலாம் முகாமுக்கு முன்னால போடுங்க. நான் இங்கிருந்து அனுமதி குடுக்கறேன்."

மூன்று நொடி.

"கணபதியா?" அந்தக் குரலில் வறட்சி கொஞ்சம் விலகியது. "அந்த வூட்டுல பிரிண்டர் ஓடறதில்லீங்களா?"

"அணைச்சு வெச்சிருக்கறாங்க மேடம்."

"எத்தன நாளா?"

"சரசுவதி பூசையிலிருந்துங்க."

"அப்படீங்களா," என்றாள் நவமணி. அவள் ஏதோ யோசிப்பது போல இருந்தது. மேசையில் மஞ்சள் விளக்கு ஒரு தடவை மினுங்கி அடங்கியது. மாமியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நாலு நாற்பத்தைந்துக்கு அவள் டிக்கை மாற்றினாள். நாலு நாற்பத்தாறுக்கு அங்கே பிரிண்டர் கரகரவென்று கனைக்கும் சத்தம் ஒன்றரை நொடி பழசாக அவன் காதுக்கு வந்தது. நிலாவிலும் அது அதே சத்தம்தான் போடுகிறது.

"வந்துருச்சுங்க சார்!"

அடுத்த படி ஒன்று இருக்கிறது. ரிமோட்டில் அச்சடித்தால் சில சமயம் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். அதனால் முதல் வரியை வாடிக்கையாளர் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், டெக்னீசியன் காதால் கேட்ட பிறகுதான் டிக்கெட்டை மூட வேண்டும். உதவி மையத்தின் விதிகளில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று சென்னியப்பனே சொல்வதுண்டு. இன்றைக்கு அந்த விதியை எழுதியவனை மனசுக்குள் திட்டினான். நிலாவில் தொடர்ந்து இருக்கச் சம்மதம் என்று அவள் வாயாலேயே கேட்க வேண்டுமா?

"மொத வரியப் படிச்சுக் காட்டுங்க மேடம்."

ஒன்று. இரண்டு. மூன்று.

"பூமிக்குத் திரும்ப விரும்புவோர் விண்ணப்பம்."

சென்னியப்பன் தில்ஷாத்தைப் பார்த்தான். தில்ஷாத் அவனைப் பார்த்தாள்.

"இன்னொருக்காப் படிங்க மேடம்."

"பூமிக்குத் திரும்ப விரும்புவோர் விண்ணப்பமுங்க. எழுத்தெல்லாம் நல்லாத்தான் வந்திருக்குது."

"இது... அங்கயே இருக்கறதுக்கான படிவம் இல்லீங்களா?"

"இருக்கறதுக்கு இப்பப் படிவமே கெடையாதுங்க சார். விதிய மாத்திட்டாங்க. திரும்பறவங்கதான் கையெழுத்துப் போடோணும். அஞ்சு மணிக்குள்ள போடலீன்னா, இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சம்மதம்னு கழகத்துலயே எழுதிக்குவாங்க. ஆள் பத்தலியாமா. குடும்பத்துக்கெல்லாம் மார்கழியிலயே வூட்டுப் பிரிண்டருக்குக் கடுதாசி அனுப்பிச்சாங்களே."

காத்திருக்கும் தாள்கள் நான்கு. அவள் அழுத்தியது மூன்று. நாலாவது தாள் என்ன என்று அவன் கேட்டுக்கொள்ளவே இல்லை. புதுத் துண்டுக்குக் கீழே, சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு, அந்தக் கடுதாசி ஒரு மாதமாக அவனுக்காகக் காத்துக் கிடக்கிறது.

சும்மா இருந்தால் போதும் என்று இருந்திருந்தால்? பெட்டி எழுந்திருக்க இன்னும் இருபது நிமிஷம் எடுத்திருந்தால்? அவளை வரவிடாமல் இரண்டு வருஷம் அங்கேயே கட்டிப்போட்டிருப்பான். தன் கையாலேயே, நடைமுறைப்படி.

"கையெழுத்துப் போடுங்க மேடம். மொதல்ல போடுங்க," என்று கத்தினான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பேனா ஓடும் சத்தம் கேட்காது என்று தெரிந்தும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். மணி நாலு ஐம்பத்திரண்டு.

"கையெழுத்துப் போட்டு, ரேகை வெச்சு, கண்ணுக்கு முன்னால காட்டீட்டேனுங்க. பச்ச விளக்கு எரியுது. ஏத்துக்கிட்டாங்க."

தில்ஷாத் மெல்ல மேசையைத் தட்டினாள். சென்னியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கடைசிக் கேள்வியை வாய் தன் பாட்டில் கேட்டது.

"வேற ஏதாச்சும் உதவி வேணுமுங்களா மேடம்?"

"ஒரு சந்தேகம் மட்டுமுங்க சார். சேவையப் பத்தி." நவமணி நிதானமாக, வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினாள். "பெட்டிய அணைக்கச் சொன்னீங்க. அதுக்குத் தேவையே இல்லீன்னு எனக்குத் தெரியுமுங்க. டெக்னீசியன் சொன்னா எதாச்சும் காரணம் இருக்குமின்னு அணைச்சேன். அப்பறம் பதினெட்டு நிமிசம் உக்காந்து யோசிச்சேன். வாடிக்கையாளர் அங்கயே இருந்துரட்டும்னு சொன்னீங்களா, வந்து சேரட்டும்னு சொன்னீங்களா?"

அப்போதுதான் அவனுக்கு முழுசாக உறைத்தது. கடுதாசியை அவன் படித்திருப்பான் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். படித்துவிட்டும் நேரத்தைக் கடத்துகிறான் என்றால், கட்டின புருஷன் தன்னை வரவேண்டாம் என்கிறான். 'உன்ற இஷ்டம்' என்று சொன்னவன்தானே. நிலாவில், அறுந்த இணைப்புக்கு முன்னால், அந்தப் பதினெட்டு நிமிஷம் அவள் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்தான்.

பதில் ஒரே வார்த்தை. அது வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வெளியே வரவில்லை. அதற்குப் பின்னால் இரண்டு வருஷம் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், மூடிக் கிடந்த பிரிண்டர், பங்குனியில் வருகிறாள் என்ற சந்தோஷம், இவ்வளவு பெரிய தப்புச் செய்தோமே என்ற வெட்கம் எல்லாம் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நெருக்கின. தில்ஷாத் 'சொல்லுங்க, சொல்லுங்க' என்று கையை ஆட்டினாள். மஞ்சள் விளக்கு மினுங்கியது.

"வந்து சேரட்டும்னுதானுங்க மேடம்," என்றான் கடைசியில். "படிவம் எதுன்னு தெரியாமப் பண்ணீட்டேன். தப்பு எம்மேலதான்."

மாமியார் இணைப்பை அறுக்கவில்லை. ஒருவேளை அதற்கும் ஈரம் இருக்கலாம். அல்லது சேவைக் குறைபாட்டைப் பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஒன்று. இரண்டு. மூன்று.

"நன்றிங்க சார்," என்றாள் நவமணி. "டிக்கெட்ட மூடிக்கலாமுங்க."

அன்று சென்னியப்பன் பஸ்ஸுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனான். செருப்பைக் கழற்றியதும் நேராக முன்னறைக்குப் போய்த் துண்டை உருவினான். சந்தனம் காய்ந்து பாளம் பாளமாக உதிர்ந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டான்.

முதலில் கழகத்தின் கடுதாசி வந்தது. மார்கழித் தேதி. அதன் பின்னால் வரிசையாக மூன்று விண்ணப்பங்கள், கையெழுத்து இல்லாமல். எடுத்து அடுக்கி வைத்தான். நான்குதானே என்று அவன் நிமிர்ந்தபோது பிரிண்டர் இன்னொரு தரம் கனைத்தது. ஐந்தாவதாக ஒரு தாள் மெதுவாக வெளியே வந்தது. அவள் மறுபடியும் டிக்கை மாற்றியிருக்கிறாள்! நாலாம் முகாமை எடுத்துவிட்டுக் கணபதிக்குப் போட்டிருக்கிறாள். பிரிண்டருக்குக் காது கிடையாது, மாமியாரும் கிடையாது.

'புகார்ப் படிவம்' என்று மேலே இருந்தது. அதன் கீழே நவமணி இப்படித் தட்டச்சு செய்திருந்தாள்:

'என் கேள்விக்குப் பதில் சொல்ல டெக்னீசியன் ஏழு நொடி எடுத்துக்கொண்டார். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். மூன்று நொடி தூரத்துக்குப் போயிற்று. மீதி நான்கு நொடி எதற்கு என்று எனக்குத் தெரியும். ஆவணி மாதத்தில் வா என்று கூப்பிட்டபோது எனக்கும் அதேதான் ஆயிற்று. அழுதுகொண்டு பேசினால் நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று அடக்கிக்கொண்டு எதையோ சொல்லிவிட்டேன். விவரம் நேரில். பங்குனி இருபத்தாறு. அதுவரை பிரிண்டரை அணைக்க வேண்டாம்.'

சென்னியப்பன் அதை நின்றபடியே இரண்டு தடவை படித்தான். மூன்றாவது தடவை படிக்க எழுத்து தெரியவில்லை, கண் மறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரிண்டரின் மூடியைத் திறந்து மை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தான். கால்வாசிகூட இல்லை. பங்குனி இருபத்தாறுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. கடை அடைப்பதற்குள் வாங்கிவிடலாம் என்று, கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்பினான்.